பதிவுப் பயணப்பொதியில் சுடுகலன்களும் தோட்டாக்களும் கொண்டுசெல்லல்

பதிவுப் பயணப்பொதியில் சுடுகலன்களும் தோட்டாக்களும் கொண்டுசெல்லல் என்பது, பயணிகள் வானூர்தியில் பயணம் செய்யும் ஒருவர் தமக்கு உரிமையான துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாக்களையும் சட்டத்துக்கு உட்பட்டு உடன் எடுத்துச் செல்லும் முறையைக் குறிக்கும். இவற்றைப் பயணிகள் அமரும் பகுதிக்குள் கொண்டுசெல்ல உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் தடை உண்டு. வானூர்தி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு வானூர்தியின் சரக்கறையில் ஏற்றப்படும் பொதியில் மட்டும், சில விதிகளுக்கு உட்பட்டு, இவை ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. வேட்டைக்காரர்கள், துப்பாக்கி சுடுதல் விளையாட்டு வீரர்கள், தற்காப்புக்கென உரிமத்துடன் ஆயுதம் வைத்திருப்போர் ஆகியோர் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். தனியார் துப்பாக்கி உடைமை பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் இது மிகவும் வழக்கமானது. ஆகவே இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையை முதன்மையாக விளக்குகிறது.

அடிப்படைக் கோட்பாடு

பன்னாட்டுக் குடிசார் வானூர்திப் போக்குவரத்து அமைப்பு, வானூர்திப் பாதுகாப்புக்கான சிகாகோ உடன்படிக்கையின் 17ஆம் பின்னிணைப்பை 1974இல் ஏற்றுக்கொண்டது. கடமையில் உள்ள அதிகாரிகள் அல்லாத பிறர் எடுத்துச் செல்லும் ஆயுதங்களுக்கு இப்பின்னிணைப்பு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. தகுதி பெற்ற ஒருவர் அந்த ஆயுதத்தில் தோட்டா நிரப்பப்படவில்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும் என்பது முதலாவது. பறக்கும் நேரம் முழுவதும் எவரும் எட்ட இயலாத இடத்தில் அது வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. நாடுகள் தத்தம் சட்டங்களில் இவ்விரு நிபந்தனைகளையும் விரிவாக்கி வைத்துள்ளன.

தோட்டாக்கள் ஆயுதம் என்பதோடு வெடிபொருள் என்ற வகையிலும் அடங்குவதால், அவை ஆபத்தான பொருட்கள் பற்றிய 18ஆம் பின்னிணைப்புக்கும் உட்பட்டவை.

இவ்விதிகளின் நோக்கத்தை ஒரே தொடரில் கூறுவதாயின், பறக்கும் நேரத்தில் ஆயுதத்தையும் அதை ஏந்தக்கூடிய கையையும் பிரித்து வைத்தல் எனலாம். புறப்படும் முன்னரும் தரையிறங்கிய பின்னரும் அந்த ஆயுதம் என்னவாகிறது என்பது இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே உள்ளது. இம்முறை குறித்து எழுந்த பெரும்பாலான சிக்கல்கள் இவ்வெல்லையிலேயே தோன்றியுள்ளன.

வரலாறு

1968 முதல் 1972 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்க வானூர்திகள் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை கடத்தப்பட்டன. பல கியூபாவுக்குத் திருப்பப்பட்டன. அக்காலத்தில் பெரும்பாலான பயணிகள் எவ்விதச் சோதனையும் இன்றி வானூர்தியில் ஏறினர். 1973 சனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் அவர்களது கைப்பொதிகளையும் சோதிப்பது அந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது.

1987 டிசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலசிலிருந்து சான் பிரான்சிசுக்கோவுக்குச் சென்ற பசிபிக் சவுத்வெசுட்டு நிறுவனத்தின் 1771ஆம் எண் வானூர்தி கலிபோர்னியாவில் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த 43 பேரும் உயிரிழந்தனர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட வானூர்தி நிறுவன ஊழியர் ஒருவர், தம்மிடமே இருந்துவிட்ட பணியாளர் அடையாள அட்டையைக் காட்டிச் சோதனையைத் தவிர்த்து, சுழல் துப்பாக்கியுடன் ஏறியதே இதற்குக் காரணமாகும். இதன்பின் பணியாளர்களும் சோதிக்கப்பட வேண்டும் என்றும், விலகுவோரிடமிருந்து அடையாள அட்டைகள் திரும்பப் பெறப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்மூலம் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவாக்கப்பட்டது. பதிவுப் பொதிகள் அனைத்தையும் வெடிபொருட்களுக்காகச் சோதிப்பதற்கு 2002ஆம் ஆண்டு இறுதி கெடுவாக அமைந்தது. துப்பாக்கி கொண்டுசெல்லும் பயணிகளுக்கான இன்றைய விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்துவது இந்நிர்வாகமே ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறை

பெட்டி: துப்பாக்கி, கடினமான புறச்சுவர் கொண்ட பூட்டிய பெட்டியில் வைக்கப்பட வேண்டும். துணிப்பையோ மென்மையான உறையோ ஏற்கப்படுவதில்லை. பெட்டி பூட்டியிருந்தும் அதன் மூலையை இழுத்துப் பிரித்துக் கையை நுழைக்க முடியுமாயின் அதுவும் ஏற்கப்படாது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் கொடுக்கப்படும் பெட்டி பல நேரங்களில் இத்தேவையை நிறைவு செய்வதில்லை.

திறவுகோல்: பெட்டியின் திறவுகோலோ பூட்டு எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். சாதாரணப் பயணப்பொதிகளை அதிகாரிகள் பயணி இல்லாத வேளையிலும் திறந்து பார்க்கக்கூடும். துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் பயணியை அழைத்துத் திறவுகோலைப் பெறுவதே வழக்கமாகும். இதனால் பொதியை ஒப்படைத்த பயணிகள் சோதனை முடியும்வரை அருகிலேயே காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். விலையுயர்ந்த கருவிகளை எடுத்துச் செல்லும் ஒளிப்படக் கலைஞர்கள் சிலர், ஓட்டப்பந்தயத் தொடக்கத்தில் ஒலியெழுப்பும் துப்பாக்கி ஒன்றைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து அறிவிப்பதுண்டு. அத்துப்பாக்கியும் விதிகளின்படி சுடுகலனாகவே கருதப்படுவதால், பெட்டி முழுவதையும் தமது சொந்தப் பூட்டினால் பூட்டிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

அறிவித்தல்: ஒவ்வொரு பயணத்தின்போதும் பொதியை ஒப்படைக்கும் முகப்பில், அதில் துப்பாக்கி உள்ளது என்பதைப் பயணி வாய்மொழியாகவோ எழுத்திலோ தெரிவிக்க வேண்டும். துப்பாக்கி வெறுமையாக உள்ளது என்று உறுதியளிக்கும் அட்டை ஒன்றில் கையொப்பம் பெற்று, அதைப் பொதிக்குள் வைப்பது நிறுவனங்களின் வழக்கம். முற்காலத்தில் இத்தகைய பொதிகளின் வெளிப்புறத்தில் அடையாளச் சீட்டு ஒட்டப்படுவதுண்டு. அது திருடர்களுக்கே வழிகாட்டியாக அமைந்தது. எனவே துப்பாக்கி உள்ளது என்று காட்டும் சீட்டைப் பொதியின் வெளியே ஒட்டக்கூடாது என்று 1993இல் இயற்றப்பட்ட பிராடி சட்டம் தடை செய்தது.

வெறுமை: துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது என்பதன் பொருள் விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளது. சுடும் அறையிலோ, சுழல் உருளையிலோ, துப்பாக்கியில் பொருத்தப்பட்ட மாகசின் எனப்படும் தோட்டாக்கூட்டிலோ உயிர்த்தோட்டா இருந்தால் அது நிரப்பப்பட்ட துப்பாக்கி ஆகும். தோட்டாவின் ஏதேனும் ஒரு கூறு மட்டும் அவ்விடங்களில் இருந்தாலும் இதே நிலைதான்.

துப்பாக்கியின் பகுதிகளும், உண்மையான துப்பாக்கி போலத் தோன்றும் போலிகளும் கைப்பொதியில் அனுமதிக்கப்படுவதில்லை. குறி பார்க்க உதவும் தொலைநோக்கிக்கு மட்டும் இத்தடை இல்லை.

தோட்டாக்கள்

ஒரு தோட்டாவில் நான்கு கூறுகள் உள்ளன. அவை உலோகத்தாலோ நெகிழியாலோ ஆன உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி, உறைக்குள் நிரப்பிய வெடிமருந்து, முன்முனையில் செருகிய குண்டு என்பனவாகும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும்போது, வெடிமருந்து எரிந்து உண்டாகும் வளிமம் அடைபட்டுக் குண்டை மிகுந்த விரைவுடன் தள்ளுகிறது. குழலுக்கு வெளியே தனித்து இருக்கும் தோட்டா வெப்பத்தால் வெடித்தால், உறை கிழிந்து அழுத்தம் பக்கவாட்டில் வெளியேறிவிடும். குண்டு அந்த விரைவை அடைவதில்லை.

இக்காரணத்தால் ஐக்கிய நாடுகள் வகைப்பாட்டில் சிறு சுடுகலன்களுக்கான தோட்டாக்கள் வெடிபொருட்களுள் குறைந்த ஆபத்துடைய 1.4 எசு என்னும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. தற்செயலாக வெடித்தாலும் அதன் விளைவு பொதிக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதே எசு என்னும் குறியீட்டின் பொருளாகும். இது முறையாகப் பொதியப்பட்ட தோட்டாக்களுக்கே பொருந்தும். பையினுள் சிதறிக் கிடக்கும் தோட்டாவின் அடிமூடி வேறொரு கடினப் பொருளில் மோதக்கூடும் என்பதால், ஒன்றோடொன்று உரசாதபடி அடுக்கி வைக்க உதவும் பெட்டி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பெட்டி அட்டை, மரம், நெகிழி, உலோகம் ஆகிய ஏதேனும் ஒன்றால் ஆனதாகவும், தோட்டாக்களுக்கெனவே செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். 0.75 அங்குலம் வரை விட்டமுள்ள குழல்களுக்கான தோட்டாக்களும், சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கான எல்லா அளவுத் தோட்டாக்களும் ஏற்கப்படுகின்றன. இவ்வாறு பொதியப்பட்ட தோட்டாக்களைத் துப்பாக்கி உள்ள அதே பூட்டிய பெட்டிக்குள்ளும் வைக்கலாம்.

பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் ஒரு பயணிக்கு, பொதியின் எடையும் சேர்த்து, 5 கிலோகிராம் தோட்டாக்களை அனுமதிக்கின்றன. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம் எடையுடையது. எனவே இவ்வரம்பு ஏறத்தாழ 400 தோட்டாக்களுக்குச் சமமாகும். பலர் ஒன்றாகப் பயணம் செய்தாலும் தத்தம் பங்கை ஒரே பொதியில் சேர்க்க அனுமதி இல்லை. வெடிக்கும் குண்டும் தீமூட்டும் குண்டும் கொண்ட தோட்டாக்கள் எந்நிலையிலும் ஏற்கப்படுவதில்லை. அமெரிக்கக் கூட்டரசு விதியில் எடை வரம்பு குறிப்பிடப்படவில்லை; எனினும் அந்நாட்டு வானூர்தி நிறுவனங்கள் பலவும் 5 கிலோகிராம் வரம்பையே பின்பற்றுகின்றன.

வீட்டிலேயே தோட்டா தயாரிப்போர் பயன்படுத்தும் வெடிமருந்துத் தூளும், தீப்பொறி மூடிகளும் கைப்பொதி, பதிவுப் பொதி ஆகிய இரண்டிலும் தடை செய்யப்பட்டவை. உறைக்குள் அடைபட்டிருக்கும்போது ஏற்கப்படும் அதே பொருள் தனியாக இருக்கும்போது மறுக்கப்படுவதற்கு, தீப்பற்றினால் அதன் விளைவை அடக்கி வைக்க எதுவும் இல்லாமையே காரணமாகும்.

மாநிலச் சட்டங்களின் வேறுபாடு

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஒரு மாநிலத்தில் உரிமம் இன்றியே வைத்திருக்கத்தக்க கைத்துப்பாக்கி, வேறொரு மாநிலத்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். 1986இல் இயற்றப்பட்ட சுடுகலன் உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு தீர்வு அளித்தது. துப்பாக்கி சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஓரிடத்திலிருந்து அவ்வாறே அனுமதிக்கப்பட்ட மற்றோர் இடத்துக்குச் செல்பவர், இடையில் உள்ள மாநிலத்தின் தடையைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லலாம். ஆனால் துப்பாக்கி வெறுமையாக இருக்க வேண்டும் என்றும், துப்பாக்கியும் தோட்டாவும் எளிதில் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இப்பாதுகாப்பின் எல்லையை 2005ஆம் ஆண்டு நிகழ்வொன்று காட்டியது. யூட்டா மாநிலத்தவர் ஒருவர் முறைப்படி அறிவித்த கைத்துப்பாக்கியுடன் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நியூ செர்சியின் நுவார்க் வானூர்தி நிலையத்தில் அவர் இணைப்பு வானூர்தியைத் தவறவிட்டார். தமது பொதியைப் பெற்றுக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை அதே நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை வழக்கம்போல அறிவித்தபோது, அம்மாநிலச் சட்டத்தை மீறியதாகக் கைது செய்யப்பட்டுச் சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அவர் தொடுத்த வழக்கில் 2010இல் தீர்ப்பளித்த மூன்றாம் வட்டாரக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், விடுதியில் இருந்த இரவில் பொதி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்காது என்று கூறியது. இவ்வாறு சிக்கிக்கொள்வோர் பொதியைப் பெறுவதற்கு முன்பே வானூர்தி நிலையத்தின் காவலர்களையோ பணியாளர்களையோ நாடலாம் என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

நியூயார்க் நகரின் வானூர்தி நிலையங்களிலும், பிற மாநில உரிமத்துடன் வந்த பயணிகள் திரும்பிச் செல்லும்போது துப்பாக்கியைத் தாமே அறிவித்துக் கைதான நிகழ்வுகள் உண்டு. கூட்டரசு விதியின்படி அறிவிப்பது கடமையாகும். ஆயினும் அந்த அறிவிப்பே மாநிலச் சட்டத்தின்கீழ் சான்றாகவும் அமைந்துவிடுகிறது.

கைப்பொதியில் பிடிபடும் துப்பாக்கிகள்

பதிவுப் பொதியில் கொண்டுசெல்ல வழி இருந்தும், கைப்பொதியில் துப்பாக்கியுடன் சோதனைச் சாவடிக்கு வருவோர் எண்ணிக்கை மிகுதியாகவே உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு பிடிபட்ட துப்பாக்கிகள் 2021இல் 5,972, 2022இல் 6,542, 2023இல் 6,737, 2024இல் 6,678 ஆகும். இவற்றுள் ஏறத்தாழ 10க்கு 9 தோட்டா நிரப்பப்பட்டிருந்தன. அட்லாண்டா வானூர்தி நிலையத்தில் மட்டும் 2023இல் 451 துப்பாக்கிகள் பிடிபட்டன. பையில் துப்பாக்கி இருந்ததை மறந்துவிட்டதாகவே பிடிபடுவோர் பெரும்பாலும் கூறுகின்றனர்.

2021 நவம்பர் 20 அன்று அட்லாண்டாவில் பயணி ஒருவரின் பை சோதிக்கப்பட்டபோது, அவர் பாய்ந்து அதனுள் கைவிட்டதில் துப்பாக்கி வெடித்தது. மக்கள் அஞ்சி ஓடினர். வானூர்திகளின் புறப்பாடும் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.

சாவடிக்குத் துப்பாக்கி கொண்டுவருவோருக்கு விதிக்கத்தக்க உச்ச அபராதம் 2022 டிசம்பரில் 14,950 டாலராக உயர்த்தப்பட்டது. விரைவுச் சோதனைக்கான சிறப்புத் தகுதி பெற்றிருப்போர் அத்தகுதியைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இழப்பர். கைது செய்வதும் செய்யாததும் அந்தந்த இடத்துக் காவல்துறையையும் சட்டத்தையும் பொறுத்தவை.

தரையிறங்கிய பின்

2017 சனவரி 6 அன்று அலாசுக்காவின் அங்கரேச் நகரிலிருந்து புறப்பட்ட ஒருவர், மினியாப்பொலிசு வழியாகப் புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் வானூர்தி நிலையத்தை அடைந்தார். கைத்துப்பாக்கிப் பெட்டியே அவர் ஒப்படைத்திருந்த ஒரே பொதியாகும். அதை அவர் முறைப்படி அறிவித்திருந்தார். பொதிகள் வந்துசேரும் இடத்தில் பெட்டியைப் பெற்றுக்கொண்டு கழிவறைக்குச் சென்று, துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பி வெளியே வந்து, அங்கு நின்றவர்களைச் சுட்டார். ஐந்து பேர் கொல்லப்பட்டனர். ஆறு பேர் குண்டுக்காயம் அடைந்தனர். 2018இல் அவருக்கு ஐந்து ஆயுள் தண்டனைகளும் மேலும் 120 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

இப்பயணத்தில் வானூர்தி விதி எதுவும் மீறப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பறக்கும் நேரம் முழுவதும் ஆயுதம் எவர் கைக்கும் எட்டாமல் இருந்தது. பொதி பெறும் கூடமோ, எவரும் சோதனையின்றி நுழையக்கூடிய பொதுவிடமாகும். வெளியிலிருந்து ஒருவர் ஆயுதத்துடன் அங்கு வருவதையும் இவ்விதிகள் தடுப்பதில்லை. ஆகவே துப்பாக்கிப் பொதிகளை முற்றிலும் தடை செய்தாலும் இத்தகைய தாக்குதல் நிற்காது என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஆயுதத்தையும் தோட்டாவையும் கூட்டம் நிறைந்த இடத்தில் ஒருசேர ஒப்படைப்பது முறையன்று என மற்றொரு சாரார் கருதினர். இதன்பின் சில நிறுவனங்கள் இப்பொதிகளைச் சுழல்பட்டையில் விடாமல், தமது அலுவலகத்தில் அடையாளம் பார்த்து ஒப்படைக்கவும், எளிதில் திறக்க இயலாதபடி நெகிழிப் பட்டையால் கட்டவும் தொடங்கின.

பிற நாடுகள்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே பயணம் செய்யும் வேட்டைக்காரர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் ஐரோப்பியச் சுடுகலன் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. இது 1991ஆம் ஆண்டு நெறிமுறையால் உருவாக்கப்பட்டது. உரியவர் வைத்திருக்கும் சுடுகலன்களின் விவரம் அதில் பதியப்பட்டிருக்கும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருக்கவும் தோட்டா வைத்திருக்கவும் உரிமம் தேவை. வானூர்தியில் கொண்டுசெல்வோர் உரிமத்தைக் காட்டி, வெறுமையாக்கிய துப்பாக்கியைப் பதிவுப் பொதியாக ஒப்படைக்க வேண்டும். உரிமம் எப்பகுதிக்குச் செல்லுபடியாகும் என்பதும் பார்க்கப்படும்.

மறக்கப்பட்ட தோட்டா

துப்பாக்கி ஏதும் இன்றி, ஒன்றிரண்டு தோட்டாக்கள் மட்டும் பையில் கண்டெடுக்கப்படுவது பல நாடுகளில் நிகழ்கிறது. வேட்டைக்கோ சுடுபயிற்சிக்கோ பயன்படுத்திய பையைப் பின்னர் பயணத்துக்கு எடுத்துச் செல்வது இதற்குப் பொதுவான காரணமாகும். பையின் மடிப்பில் சிக்கிய சிறு தோட்டா கண்ணில் படுவதில்லை. ஊடுகதிர்க் கருவியில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவில் இதற்காக ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதியப்படுவதுண்டு. ஒரு பொருளை வைத்திருத்தல் என்பதில் அது தம்மிடம் உள்ளது என்ற அறிதலும் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972இல் விளக்கியது. இதைப் பின்பற்றி, துப்பாக்கியின்றி ஒற்றைத் தோட்டாவுடன் பிடிபட்ட பயணிகள் மீதான வழக்குகள் பலவற்றைத் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துள்ளது. எனினும் தீர்ப்பு வரும்வரை பயணி வழக்கைச் சுமக்க வேண்டியுள்ளது.

பிலிப்பீன்சின் மணிலா வானூர்தி நிலையத்தில், பணம் பறிப்பதற்காகப் பயணிகளின் பைகளில் தோட்டாக்கள் இடப்படுவதாக 2015இல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இது அந்நாட்டு மொழியில் இடப்பட்ட தோட்டா எனப் பொருள்படும் தானிம் பாலா என்ற பெயரால் அறியப்பட்டது. அச்சமடைந்த பயணிகள் பலர் தமது பைகளை நெகிழித் தாளால் முழுவதும் சுற்றிக் கொண்டு வந்தனர்.

பிரித்தானியக் கடல்கடந்த ஆட்புலமான துர்க்சு கைகோசு தீவுகளில், தோட்டா வைத்திருப்பதற்கும் குறைந்தது 12 ஆண்டுச் சிறை என்ற சட்டம் இருந்தது. பையில் தோட்டாக்கள் இருந்ததற்காக அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் அங்குக் கைதாகி, 2024இல் அவர்களது வழக்குகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. அவர்களுள் சிலருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு சூனில், தண்டனையை முடிவு செய்வதில் நீதிபதிகளுக்குக் கூடுதல் உரிமை அளிக்கும் வகையில் அச்சட்டம் திருத்தப்பட்டது.